கைநாட்டுக்கு முன் ஒரு கேள்வி: மருத்துவ ஆராய்ச்சியும் நம் மக்களின் சம்மதமும்



சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, இலவச மருத்துவ முகாம் நடத்த அனுமதி கேட்டு ஒரு குழுவினர் வந்தார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்ப்போம், இரத்தப் பரிசோதனையும் செய்வோம் என்றார்கள். நல்ல காரியம்தானே என்று ஞாயிறு திருப்பலியின் முடிவில் அறிவிப்புச் செய்தேன். ஆலய வளாகத்திலேயே பந்தல் போட்டுக் கொடுத்தோம். அன்று மாலை, பங்கின் மூத்த ஆச்சி ஒருவர் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"சாமி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். எடுக்கப்பட்ட இரத்தத்தில் ஒரு பகுதி ஆராய்ச்சிக்காகச் சேமித்து வைக்கப்படும் என்றும், எல்லாவற்றையும் புரிந்துகொண்டு முழு மனதுடன் இதற்குச் சம்மதிக்கிறேன் என்றும் எழுதியிருந்தது. கீழே அவருடைய பெருவிரல் ரேகை.

"ஆச்சி, இதையெல்லாம் கேட்டுத்தான் கைநாட்டு வச்சீங்களா?"

"நான் என்னத்தக் கேக்க, சாமி? நீங்கதான கோயில்ல சொன்னீய. அதான் வச்சேன்."

அந்த ஆராய்ச்சியில் தவறு ஏதும் இருந்திராமல் இருக்கலாம். யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. ஆனால் அன்றிரவு ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்த ஆச்சி சம்மதித்தது ஆராய்ச்சிக்கு அல்ல, எனக்கு. நானோ அந்தத் தாளை வாசித்துப் பார்க்கவும் இல்லை. வந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. மக்கள் என்மீது வைத்திருந்த நம்பிக்கையை அவர்களைக் கேளாமலேயே இன்னொருவருக்குக் கடனாகக் கொடுத்துவிட்டேன்.

மருத்துவ ஆராய்ச்சியின் நெறிமுறை என்றால் அது மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் உரிய விஷயம் என்று நாம் நினைக்கிறோம். அது நம் ஆலய முற்றத்திலும், பள்ளி விடுதியிலும், மகளிர் குழுக் கூட்டத்திலும் நடக்கின்ற காரியம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்கு நாம் பட்டிருக்கும் கடன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவ ஆராய்ச்சி வேண்டாத ஒன்றல்ல. நாம் இன்று விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால், முன்பின் தெரியாத யாரோ சிலர் தங்கள் உடலைப் பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு உலகம் போற்றும் சான்று உண்டு. 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. காசநோய் வந்தால் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரிந்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும் என்ற காலம் அது. படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா, வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றிக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர்கள் தங்கள் ஏழைக் குடிசைகளிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரிடமும், வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினரிடமும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அந்த மையம்தான் இன்று சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. எத்தனையோ தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைப் பிரியாமல் குணமானதற்கு, பெயர் தெரியாத அந்த 193 பேரும் காரணம்.

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. வயது வந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. ஏமாற்றம்தான். ஆனாலும் அந்த உண்மை தெரியாதிருந்தால் பொய்யான நம்பிக்கையில் நாம் காலம் கழித்திருப்போம். குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து பி.சி.ஜி. காப்பதால், அது இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது.

ஆராய்ச்சியில் பங்கேற்பது பிறரன்புச் செயலாக இருக்க முடியும். அது அன்புச் செயல் என்பதனாலேயே, அதை யாரிடமிருந்தும் கட்டாயப்படுத்தியோ, ஏமாற்றியோ, தெரியாமலோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு

நம் மக்களில் பலருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித் தந்ததில்லை. சிகிச்சையின் நோக்கம் இந்த நோயாளியைக் குணமாக்குவது. ஆராய்ச்சியின் நோக்கம் ஒரு கேள்விக்கு விடை காண்பது. அந்த விடை நாளை வேறு யாருக்கோ பயன்படலாம். பங்கேற்பவருக்குப் பயன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். புதிய மருந்து கிடைக்குமா, பழைய மருந்து கிடைக்குமா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கிடைக்குமா என்பது குலுக்கலில் முடிவாகலாம். தமக்கு எது கொடுக்கப்படுகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பல நேரங்களில் மருத்துவருக்கும் தெரியாது.

வெள்ளைக் கோட்டு அணிந்தவர் கையில் எது இருந்தாலும் அது நமக்கு மருந்து என்று நம்பும் மக்களிடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டும். 2023 டிசம்பரில் பெருமழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, ஏரலும் சுற்றுவட்டாரமும் தண்ணீரில் மூழ்கித் துண்டிக்கப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மாத்திரை கொண்டுவருபவர் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடத்தான் தோன்றும். பேரிடர்க் காலத்தில் துயருறும் மக்கள் நிவாரணத்தையும் ஆராய்ச்சியையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடும் என்பதால்தான், ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் பேரிடர்க் கால ஆராய்ச்சிக்கெனத் தனிப் பகுதியே இருக்கிறது.

நம்பிக்கை காயப்பட்ட இடங்கள்

இந்த நெறிமுறைகள் எல்லாம் கண்ணீரிலிருந்து பிறந்தவை. நாசி முகாம்களில் கைதிகள்மீது மருத்துவர்கள் நடத்திய கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947-இல் வகுத்தது நியூரம்பெர்க் நெறி. தானாக முன்வந்து அளிக்கும் சம்மதம் இன்றியமையாதது என்பதே அதன் முதல் விதி.

அதற்குப் பிறகும் தவறுகள் நிற்கவில்லை. அமெரிக்காவின் டஸ்கிகி பகுதியில் 1932 முதல் 1972 வரை, ஏழைக் கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 600 பேரை அரசு சுகாதாரத் துறை கண்காணித்து வந்தது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. அந்த உண்மை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பென்சிலின் அந்நோய்க்கு உரிய மருந்தாக நிலைபெற்ற பிறகும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அவர்கள் அத்தனை ஆண்டுகள் விலகாமல் இருந்ததற்கு, அவர்கள் நம்பிய உள்ளூர்ச் செவிலியர் ஒருவரும் ஒரு காரணம். 1997-இல் அதிபர் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நமக்கு அருகில் வருவோம். நம் தென்மாவட்டங்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பலர் திருவனந்தபுரத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்கிறார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு ஆறுதல் தந்த இடம் அது. அங்கேயும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரோடு இணைந்து, வாய்ப் புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் புதிய வேதிப்பொருள் ஒன்று சோதிக்கப்பட்டது 2001-இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி அந்த ஆய்வுக்குப் பெறப்படவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது.

கம்மம் சொல்லும் பாடம்

நம்மைப் போன்ற குருக்களும் துறவியரும் தலைமையாசிரியர்களும் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய நிகழ்வு கம்மத்தில் நடந்தது. 2009-இல், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், ஐ.சி.எம்.ஆர். மற்றும் மாநில அரசுகளோடு சேர்ந்து இதை நடத்தியது. இரு இடங்களிலுமாக இருபதாயிரத்துக்கும் அதிகமான சிறுமிகள் சேர்க்கப்பட்டார்கள். கம்மத்தில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள்.

ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இந்த இறப்புகள் தடுப்பூசியால் நேர்ந்தவையாகத் தெரியவில்லை என்று அரசு அமைத்த விசாரணைக் குழு கூறியது. இதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். இன்று எச்.பி.வி. தடுப்பூசி உலகின் பல நாடுகளில் பெண்பிள்ளைகளைக் காத்து வருகிறது. 2022-இல் இந்தியாவிலேயே தயாரான ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. எனவே இந்த நிகழ்வைக் காட்டித் தடுப்பூசியையே வெறுப்பது தவறு.

தவறு வேறொரு இடத்தில் இருந்தது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் சம்மதப் படிவங்களின் கணக்கை வெளியிட்டது. ஆந்திராவில் பார்வையிடப்பட்ட 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளரோ தலைமையாசிரியரோ கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் தந்தை இல்லாமல் இல்லை. ஊரில் இருந்தார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை.

நடந்தது மருந்துப் பரிசோதனை அல்ல, முன்பே அனுமதி பெற்ற ஊசியை மக்களிடம் கொண்டுசெல்லும் செயல்விளக்கத் திட்டமே என்று வாதிடப்பட்டது. நிலைக்குழு அதை ஏற்கவில்லை. பெயரை மாற்றி அழைப்பதால் பிள்ளைகளுக்கு உரிய பாதுகாப்புக் குறைந்துவிடாது.

அந்த விடுதிக் காப்பாளர்களைத் தீயவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மேலிடத்திலிருந்து தாள்கள் வந்தன, நல்ல திட்டம் என்றார்கள், பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்று எண்ணிக் கையெழுத்திட்டிருப்பார்கள். நான் பீடத்திலிருந்து அறிவிப்புச் செய்ததும் அப்படித்தானே?

சட்டம் இன்று என்ன சொல்கிறது?

ஐ.சி.எம்.ஆர். தன் முதல் நெறிமுறை அறிக்கையை 1980-இல் வெளியிட்டது. பின்னர் 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் விரிவான நெறிமுறைகள் வந்தன. 2000-இல் வந்த தலைப்பு, ஆய்வுக்கு உட்படும் மனிதர்களைப் பற்றிப் பேசியது. 2006-இல் அந்தச் சொல் பங்கேற்பாளர்கள் என்று மாறியது. சொல் மாறும்போது உறவும் மாற வேண்டும். உட்படுபவருக்குக் கேள்வி இல்லை, பங்கேற்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

மருந்துப் பரிசோதனைகளில் நேர்ந்த இறப்புகளையும் முறைகேடுகளையும் எதிர்த்து ஸ்வஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கின்போது விதிகள் கடுமையாக்கப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பவை 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். இந்த விதிகளிலிருந்தும் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகளிலிருந்தும் சாதாரண மக்கள் அறிந்திருக்க வேண்டியவை இவை:

* எந்த ஆய்வும் பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது.
* மருந்துப் பரிசோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தரப்பட வேண்டும். அந்தப் பரிசோதனையால்தான் நிரந்தரக் குறைபாடோ இறப்போ நேர்ந்தது என்றால் இழப்பீடு உண்டு.
* முற்றிலும் புதிய மருந்தின் பரிசோதனையில், எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களிடம் சம்மதம் பெறுவது ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும்.
* எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது, ஆய்வுக் குழுவைச் சேராத நடுநிலைச் சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருந்து தானும் கையொப்பமிட வேண்டும்.
* சிறுவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. அதோடு, 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வயதுப் பிள்ளையிடம் எழுத்திலும் இசைவு கேட்க வேண்டும்.
* எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில், 2009 ஜூன் முதல் மருந்துப் பரிசோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம் அன்பியங்களில் கைப்பேசி இல்லாத இளைஞர் யார்? ஒரு ஆய்வு பதிவாகியிருக்கிறதா என்று பெரியவர்களுக்குப் பார்த்துச் சொல்வதும் ஒரு திருத்தூதுப் பணிதான்.

வாயிற்காவலரின் பொறுப்பு

சமூகத் தலைவர்களைப் பற்றியும் 2017 நெறிமுறைகள் பேசுகின்றன. ஒரு சமூகத்துக்குள் நுழைய அதன் தலைவரிடம் அனுமதி பெறலாம். அவரை வாயிற்காவலர் என்ற பொருள்படும் சொல்லால் அவை குறிப்பிடுகின்றன. ஆனால் வாயிலைத் திறந்துவிடுவதோடு அவர் வேலை முடிந்தது. ஒவ்வொருவரின் சம்மதத்தையும் தனித்தனியே பெற வேண்டும். தலைவரின் அனுமதி அதற்கு ஈடாகாது.

யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்கொட்டிலின் வாயிற்காவலரைப் பற்றி ஆண்டவர் பேசுவதை நாம் அறிவோம். வருபவர் யார் என்று பார்த்துத்தான் அவர் வாயிலைத் திறக்கிறார். பங்குத்தந்தை, தாளாளர், விடுதிக் காப்பாளர், மகளிர் குழுத் தலைவி, ஊர்ப் பெரியவர் ஆகிய நாம் எல்லாரும் வாயிற்காவலர்கள். யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று கேட்பது நம் கடமை. மக்களுக்குப் பதிலாகச் சரி என்று சொல்வது நம் உரிமை அல்ல.

திருச்சபையின் போதனை

1952 செப்டம்பரில், ஹெல்சிங்கி அறிக்கை வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் நரம்பியல் ஆய்வாளர்களின் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். அறிவியலின் நன்மை, நோயாளியின் நன்மை, சமூகத்தின் நன்மை என்ற மூன்று காரணங்கள் ஆராய்ச்சிக்காகச் சொல்லப்படுவதை அவர் எடுத்து ஆராய்ந்தார். மூன்றும் மதிப்புள்ளவை, ஆனால் எதுவும் வரம்பற்றது அல்ல என்றார். நோயாளி வழங்காத அதிகாரம் மருத்துவருக்கு இல்லை. நோயாளியும் தன் உடலின்மீது எல்லையற்ற உரிமை கொண்டவர் அல்ல.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2292–2295) இதே வழியில் நடக்கிறது. மருத்துவ ஆய்வுகள் நோயாளிகளின் நலனுக்கும் பொது நலனுக்கும் உதவக்கூடியவை என்று அது ஏற்கிறது. ஆனால் மனித மாண்புக்கு எதிரான செயலைச் சம்மதம் பெற்றாலும் செய்யக் கூடாது என்கிறது. அளவுக்கு மீறிய ஆபத்துக்கோ தவிர்க்கக்கூடிய ஆபத்துக்கோ ஒருவரை உட்படுத்துவது நேர்மையாகாது என்றும் கூறுகிறது. கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது மட்டும் போதாது.

இதற்கெல்லாம் மேலாக, நற்செய்தியில் ஒரு காட்சி என் நெஞ்சில் நிற்கிறது. மீட்பின் வரலாற்றிலேயே மிகப் பெரிய காரியத்தைச் செய்ய இறைவன் நாசரேத்தின் ஏழைப் பெண் ஒருவரிடம் தூதரை அனுப்பினார். அவருடைய ஊர்த் தலைவரையோ தொழுகைக்கூடத் தலைவரையோ அவர் கேட்கவில்லை. மரியாவையே கேட்டார். மரியாவும் உடனே தலையாட்டிவிடவில்லை. இது எப்படி நிகழும் என்று கேட்டார் (லூக்கா 1:34). வானதூதர் அந்தக் கேள்விக்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விளக்கம் சொன்னார். அதன் பிறகுதான் மரியாவின் சம்மதம் வந்தது. எல்லாம் வல்லவரே ஒரு பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லி, அவருடைய சம்மதத்துக்குக் காத்திருந்தார் என்றால், கோப்போடு வரும் ஆய்வாளர் காத்திருக்கக் கூடாதா?

பார்வையற்ற பார்த்திமேயுவிடமும் என்ன வேண்டும் என்று ஆண்டவர் முதலில் கேட்டார் (மாற்கு 10:51). அவனுக்குப் பார்வை இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். அவன் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

மக்களின் பங்கு

சம்மதத்தோடு மக்களின் பங்கு முடிந்துவிடவில்லை. 2006-இல் சென்னையில் எய்ட்ஸ் தடுப்பூசிக்கான முதற்கட்டப் பரிசோதனை, முன்பு சொன்ன அதே காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கியது. 32 தன்னார்வலர்கள் பங்கேற்றார்கள். அந்நோயைப் பற்றி அச்சமும் இழிவும் மிகுந்திருந்த காலம். எனவே ஆய்வைப் பற்றி மக்களிடையே பணியாற்றும் அமைப்புகளோடு கலந்து பேசினார்கள், சமூக ஆலோசனைக் குழுவின் கருத்தும் கேட்கப்பட்டது. அந்தத் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வரும் நிலையை எட்டவில்லை. ஆயினும் மக்களோடு பேசி ஆய்வு நடத்த முடியும் என்று அது காட்டியது.

2024 அக்டோபரில் ஹெல்சிங்கி அறிக்கை திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பின்பும் பங்கேற்பாளர்களையும் அவர்களின் சமூகத்தையும் பொருளுள்ள முறையில் ஈடுபடுத்த வேண்டும் என்பது அதில் சேர்க்கப்பட்டது.

நம் நாட்டு விதியிலும் மக்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். பொதுமக்களில் ஒருவர், பெண் ஒருவர், சட்ட அறிஞர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அதோடு, சமூகவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மெய்யியலாளர், அறநெறியாளர், இறையியலாளர் போன்றோரில் ஒருவரும் வேண்டும். இறையியலாளருக்கும் அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள்! குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாம், அந்த நாற்காலியில் அமர முன்வருகிறோமா? நம் பங்குகளில் உள்ள ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், இல்லத்தரசிகள் பொதுமக்கள் சார்பில் அமரத் தயாராக இருக்கிறார்களா? சம்மதப் படிவத்தின் தமிழ் நம் ஆச்சிக்குப் புரியுமா என்று கேட்க, அந்த மேசையில் ஒருவராவது வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் வீட்டுக்கோ, பள்ளிக்கோ, ஆலயத்துக்கோ யாரேனும் ஆய்வுக்காக வந்தால், தயங்காமல் கேளுங்கள்:

1. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா, இரண்டுமா?
2. நடத்துவது யார்? பணம் கொடுப்பது யார்?
3. எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது? அந்தக் கடிதத்தைக் காட்ட முடியுமா?
4. எனக்கு என்ன நன்மை? என்ன ஆபத்து?
5. நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?
6. என் இரத்தமும் என் விவரங்களும் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும்? பிற்காலத்தில் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தத் தனியே என்னைக் கேட்பீர்களா?
7. எனக்கு ஏதாவது நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும்? செலவு யாருடையது?
8. இந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு நாளை சொல்லலாமா?
9. முடிவு என்னவென்று எங்களுக்கு வந்து சொல்வீர்களா?

எட்டாவது கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம். நேர்மையான ஆய்வாளர் இந்தக் கேள்விகளைக் கண்டு மகிழ்வார். அவருடைய ஆய்வுக்கும் இதுவே பலம்.

குருக்களுக்கும் துறவியருக்கும் ஒரு விண்ணப்பம். ஆய்வுக்கான அறிவிப்பைத் திருப்பலியில் செய்யும் முன், மேலே உள்ள கேள்விகளை நாமே முதலில் கேட்போம். அறிவிப்புச் செய்தால், சேருவதும் சேராமலிருப்பதும் உங்கள் விருப்பம், சேராவிட்டால் சாமி வருத்தப்படமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். விடுதிப் பிள்ளைகளுக்காக எந்தப் படிவத்திலும் பெற்றோரின் இடத்தில் நாம் கையெழுத்திட வேண்டாம். பெற்றோரை வரவழைப்போம், அல்லது அவர்களிடம் போவோம்.

அந்த ஆச்சி இன்று நம்மிடையே இல்லை. மறுநாள் அவரோடு அமர்ந்து அந்தத் தாளை வரிவரியாக வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, சற்று யோசித்து, "இன்னொருத்தருக்கு ஒதவும்னா எடுத்துக்கிடட்டும் சாமி. ஆனா, எங்கிட்ட சொல்லிட்டு எடுத்திருக்கலாம்லா?" என்றார்.

அவர் கொடுக்க மனமில்லாதவர் அல்ல. தன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். ஏழைகளிடம் கொடுப்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். அதை அவர்களிடம் கேட்டுப் பெறும் பணிவை ஆண்டவர் மருத்துவருக்கும், ஆய்வாளருக்கும், குருவாகிய எனக்கும் தந்தருள்வாராக.